ஜன்னல் உயரத்து நீலக்கோடு

கெர்கென்னா தீவு,
பிப்ரவரி 11

அன்புள்ள சல்வாவுக்கு,

மொங்கியா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். குளிர்தான் எலும்பைப் பிடிக்கிறது. போனில் பேசினால் இரண்டே வார்த்தையில் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நாம் கோடு போட்ட வீடுகளின் புகைப்படங்களை வைத்த மார்சேய் கண்காட்சிக்கு நல்ல கூட்டம் என்றும், விஞ்ஞானியும் ஓவியரும் இப்படிக் கைகோத்தால்தான் ஆராய்ச்சி ஜனங்களிடம் போய்ச் சேரும் என்று மெச்சினார்கள் என்றும் எழுதியிருந்தாய். அடுத்து ஜெர்பா தீவிலும் வரையலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அறுபது வருஷத்தில் கடல் எதுவரை ஏறும் என்று நீ கணக்குப் போட்டாய். அந்த உயரத்தில் வீட்டுக்கு வீடு நான் நீலக்கோடு இழுத்தேன். முதலில் நம் ஜனம் அதை என்ன பாடு படுத்தியது, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்கு மட்டும் இரண்டு விரல் உயர்த்திப் போட்டுவிட்டேன் என்று லத்தீஃபா அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆக்டோபஸ் பிடிக்கப் போகும் கமீஸ் மாமா, "நீலம் நல்லாத்தான் இருக்கு, அப்படியே கதவுக்கும் அடிச்சு விட்டுரு" என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லையே என்று நாம் இருவரும் தலையில் அடித்துக்கொண்டோம். இப்போது நன்றாகவே விளங்கிவிட்டது.

மாமாவின் மகன் ரித்தா மார்சேயில்தானே வேலை பார்க்கிறான். நம் தீவின் படம் வந்திருக்கிறது என்று கூட்டாளிகளைப் பெருமையாக அழைத்துப் போயிருக்கிறான். போனால் கண்காட்சிச் சுவர் முழுக்க அவன் வீட்டுப் புகைப்படம், ஜன்னல் உயரத்தில் கோடு. உன்னிடமே வந்து கேட்டானாம். நீயும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினாயாம். அன்று மாலையே அப்பாவுக்குப் போன் போட்டு, மாடி கட்ட வேண்டாம், கல்யாணம் ஆனாலும் இனி ஊருக்குத் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மாடிக்காக நிறுத்திய கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மாமா என்னைத் திட்டவில்லை, சல்வா. திட்டியிருந்தால் தேவலை. கோட்டை அழித்துத் தரச் சொன்னார். மூன்று முறை சுண்ணாம்பு அடித்தேன். அவரே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னு தெரியும் தாயி. கடல் வர்றதுக்கு அறுபது வருஷம் இருக்கு. எம்புள்ள இப்பவே போயிட்டானே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் படகை இறக்கவே இல்லை.

ரித்தாவுக்கு ஒரு வரி எழுது. கணக்கில் பிழை வந்துவிட்டது என்று எழுது. பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். நீ எழுதமாட்டாய் என்பதும் தெரியும். எழுதினாலும் அவன் நம்பமாட்டான், அவ்வளவு நன்றாக விளக்கியிருக்கிறாய். இருந்தாலும் கேட்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். அங்கே வீடு வாங்குவதாக இருந்தால் மேட்டில் பார்த்து வாங்கு.

உன்
மொங்கியா