கல்வெட்டில் இல்லாத எட்டு வரி

வட்டுக்கோட்டை
01.03.2026

அன்புத் தங்கச்சி சுபாவுக்கு,

என் போன் இலக்கத்தை நீர் தடுத்துவைத்து ஒரு வருடமாகிறது. கடிதத்தைத் தடுக்க வழியில்லை என்ற துணிவில் எழுதுகிறேன். தபாற்கந்தோரில் முத்திரை கேட்டபோது அங்கிருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. உங்கள் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? சிவகரனின் ஆண்டுத்திவசம் நல்லபடி முடிந்தது என்று கேள்விப்பட்டேன்.

வரும் சித்திரையில் எங்கள் 'ஏழரை' இசைக்குழுவுக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் புளூஸ் வாசிக்க வெளிக்கிட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று உம்முடைய அண்ணன் சிவகரன்தான் வைத்தான். "ரெண்டு ஏழரை தாண்டினால் பிறகு எங்களை ஒருத்தரும் அசைக்கேலாது" என்பான். இரண்டும் தாண்டும்போது அவன் இல்லை.

ஏப்ரல் 25, சனிக்கிழமை, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொண்டாடுகிறோம். ஐந்து புதுப் பாட்டுகள். நான்குக்கு நான் வரி எழுதினேன். ஐந்தாவது உம்முடையது. சிவகரனின் முப்பத்தோராம் நாளுக்கு நீங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் 'சகோதரி புலம்பல்' என்று எட்டு வரி எழுதியிருந்தீரே, அதற்கு மெட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்த லெனாட் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்த புத்தகம் இன்றும் என் கிற்றார்ப் பெட்டிக்குள் கிடக்கிறது. 'போகையில் ஒருசொல் புகலாமல் போனாயே' என்ற வரியில் எனக்குக் குரல் உடைந்துவிடுகிறது. எனக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

நீர் வந்து பாடவேண்டும். முதல் மூன்று வருடமும் எங்களுக்குப் பாடியது நீர்தானே. முடியாது என்றால் அனுமதியாவது தாரும்.

அன்புடன்,
வாகீசன் அண்ணை


கொடிகாமம்
09.03.2026

வாகீசன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அந்த எட்டு வரியை நான் எழுதவில்லை. என் பெயரை எழுதவே அப்போது கை வரவில்லை. கல்வெட்டு அடிக்கப் போனது சோமசேகரம் மாமா. அச்சகத்தில், "செத்தவருக்குத் தங்கச்சி இருக்கோ? அப்ப சகோதரி புலம்பலும் போடுவம்" என்று சொல்லி, தங்களிடம் இருந்ததை எடுத்துப் போட்டு அடியில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். போன மாதம் மீசாலையில் ஒரு வீட்டுக் கல்வெட்டைப் பார்த்தேன். அதே எட்டு வரி, அண்ணா இருந்த இடத்தில் அக்கா. இத்தனை வருடம் பாட்டு எழுதுகிற உங்களுக்கு, சுபாஜினி 'புகலாமல்' என்று எழுதுவாளா என்று ஒரு சந்தேகம் வரவில்லையா?

எனக்கு வேறு சந்தேகம் வந்திருக்கிறது. அச்சகத்து வரி உங்களை ஏன் இப்படிக் குத்துகிறது? செத்தவீட்டில் அம்மாவின் கையைப் பிடித்து, "சிரிச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டவன், அம்மா" என்றீர்கள். பிறகு முப்பத்தொன்றுக்கு நீங்கள் வரவில்லை, மாலையைப் பஸ்ஸில் அனுப்பினீர்கள். அன்றுதான் உங்கள் இலக்கத்தைத் தடுத்தேன். ஆஸ்பத்திரியில் அண்ணையின் போன், பேர்ஸ், ஹெல்மெற் எல்லாம் தந்தார்கள். அவர் வாசிக்கிற மவுத்தோர்கன் இல்லை. குளிக்கும்போது மட்டுமே அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறவர் அவர்.

அண்ணை கடைசியாக வந்த அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அதை எழுதுங்கள். பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.

சுபாஜினி


வட்டுக்கோட்டை
15.03.2026

சுபா,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மவுத்தோர்கன் என்னிடம்தான் இருக்கிறது.

கொழும்பில் எங்களுக்கு முதல் பெரிய நிகழ்ச்சி வந்திருந்தது உமக்குத் தெரியும். தை மாதக் காய்ச்சலுக்குப் பிறகு சிவகரனுக்கு மூச்சு நீளவில்லை. எல்லோருக்கும் விளங்கியது, ஒருவரும் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் அன்று எங்கள் வீட்டில் ஒத்திகையின்போது எல்லோருக்கும் முன்னால், "உன்ரை மூச்சு தாளத்துக்கு நிக்குதில்லை மச்சான். கொழும்புக்கு லெனாட் வாசிக்கட்டும்" என்றேன். அவன் மவுத்தோர்கனை எடுத்து மேசையில் வைத்தான். "அப்ப இதையும் அவனிட்டைக் குடு" என்றான். ஊற்றிவைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. மோட்டார்சைக்கிள் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போகவில்லை. நாளைக்கு வருவான்தானே என்று கிற்றாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்தில், கைதடியில் லொறி அடித்துவிட்டது என்று போன் வந்தது.

அவன் சிரிக்கவில்லை, சுபா. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் வாசலுக்கு வர எனக்குக் கால் எழவில்லை. மற்றவர்களை வாய் திறக்கவேண்டாம் என்று கேட்டதும் நான்தான்.

நீர் சொன்னால் பாட்டை விட்டுவிடுகிறேன். கொண்டாட்டத்தையே நிறுத்திவிடுகிறேன். மவுத்தோர்கனை நானே கொண்டுவந்து தருகிறேன்.

வாகீசன்


கொடிகாமம்
29.03.2026

வாகீசன் அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் வைத்து வாசித்தேன். வந்த கோபத்தில் வாளியைத் தூக்கி எறிந்ததில் கைபிடி கழன்றுவிட்டது. அவ்வளவு தூரமும் அண்ணை அந்த அவமானத்தோடு தனியே வந்திருக்கிறார். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது.

அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் "என்ரை பிள்ளை சிரிச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டவன்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவ ஒரு வருடத்தைத் தள்ளியிருக்கிறா. அந்தப் பொய்யை இனி நானும் உங்களோடு சேர்ந்து சுமக்கவேண்டும். அதற்கும் எனக்கு உங்கள் மேல் கோபம்.

கொண்டாட்டத்தை நிறுத்தவேண்டாம். அப்படி லேசில் தப்பவிடமாட்டேன். மேடையில் அச்சகத்துப் புலம்பலையே பாடுங்கள். நான் வரமாட்டேன். அம்மா போனில் பார்த்து அழுவா. மகள் எழுதியது என்றுதான் அவவும் நினைத்துக்கொண்டிருக்கிறா.

நேற்றுக் கல்வெட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தாய் புலம்பல் இருக்கிறது, சகோதரி புலம்பல் இருக்கிறது, உறவில் பிள்ளை முறையான பெறாமக்கள் புலம்பல்கூட இருக்கிறது. நண்பர் புலம்பல் இல்லை. அதற்கு அச்சகத்தில் ஒன்றும் இருக்கவில்லைப்போலும். அதை நீங்கள் எழுதுங்கள். எட்டு வரி போதும். மெட்டு வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். மேடைக்கு இல்லை, எனக்கு மட்டும். தபாற்காரர் எங்கள் ஒழுங்கைக்கு வருகிறவர். போன் இலக்கம் தடுத்தபடியே இருக்கட்டும்.

மவுத்தோர்கனை இங்கே கொண்டுவரவேண்டாம். லெனாட்டிடம் கொடுங்கள். அண்ணை கடைசியாக உங்களிடம் சொன்ன வேலை அது ஒன்றுதான். ஒரு வருடமாகச் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள்.

சிவகரனின் தங்கச்சி,
சுபா