துடைத்த கிரீஸ்

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து முருகம்மாள் பேசவில்லை. சந்தைக்குக் கிளம்பும் முன் சீனிச்சாமி கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் மனைவிக்கு எழுதினார்:

"முருகம்மா, சாம்பார் சுட வச்சிருக்கேன். மாவு பிரிட்ஜ்ல இருக்கு. ராத்திரியும் சாப்பிடல, இப்பவாவது ரெண்டு தோசை ஊத்திக்க. பத்து மணிக்குத் தேவாரத்துலருந்து கார் பாக்க வருவாக. விக்கலன்னு சொல்லிரு. கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

பேனா நின்றது. வாங்க வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாதென்றுதான் அவர் நேற்று மத்தியானம் கிளட்ச் பெடலுக்குக் கிரீஸ் தடவிச் சத்தத்தை நிறுத்தியிருந்தார். மகள் வேல்விழி வேலை முடிந்து வந்து வாசலில் காரை நிறுத்தும்போது அந்தப் பெடல் கிரீச்சிடும். அதைக் கேட்டுத்தான் முருகம்மாள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். வேல்விழி காய்ச்சலில் இறந்து நாலு மாதமாகிறது.

சாயங்காலமானால் முருகம்மாள் காரைத் துடைக்கப் போகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார். நேற்றுத்தான் பார்த்தார். மகளின் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் மறுபடியும் மிதித்தாள்.

"உன்னையக் கேக்காமச் செஞ்சது தப்புதேன். பெட்ரோல் துணி வச்சுக் கிரீஸ எல்லாம் துடைச்சிட்டேன். சாவி கடுகு டப்பா பக்கத்துல இருக்கு."

செருப்பு மாட்டியவர் கார் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினார்:

"இப்ப மிதிச்சுப் பாத்தேன். இன்னும் சத்தம் வரல. சாயங்காலம் நானும் பக்கத்துல வந்து உக்கார்றேன்."