வேலுக்குச் சிரித்தவன், ஊசிக்கு ஒளிந்தவன்

ஜூலை 5, திங்கள்
காலையில் மழை. பால், வெற்றிலை வாங்கணும். ஊரடங்கில் வீட்டுக்கு ஒருத்தர்தான் கடைக்குப் போகலாமாம், மகள் கவிதா போனாள்.

தம்பி முனியாண்டிக்கு இன்று பத்தாங் பெர்ஜுந்தாய் மண்டபத்தில் கொரோனா ஊசி. போகவில்லை. இனிப்பு நீர் உடம்பு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அவனோடு லோரி ஓட்டினவர் போன வாரம்தான் இந்த நோயில் போனார். போன் போட்டால், "லோரி பிரேக் சரியில்லக்கா." பொய். சின்ன வயதிலேயே ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில். ஆனால் தைப்பூசம் வந்தால் கன்னத்தில் வேல், முகத்தில் சிரிப்பு.

ஊசிக்கு மறுதேதி கொடுத்திருக்கிறார்கள், வரும் ஞாயிறு.

ஜூலை 6
ஒரு யோசனை. மேலே வேலோடு அவன் படம். கீழே லோரிக்கு அடியில் படுத்திருக்கும் படம். எழுத்து என்னுடையது: "கன்னத்துல வேல், சிரிப்பு. கையில ஊசி, ஆளக் காணோம்."

"அம்மா, நீங்க மீம் போடுறீங்களா?"

"மீமோ என்னமோ, மாமா பாத்தா போதும்."

வேலை வைத்துக் கேலி. முருகனுக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்பு கேட்டுவிட்டு, குடும்ப குரூப்பில் போட்டேன்.

ஜூலை 7
வம்பு. தினமும் அனுப்பும் சாமி படத்துக்குக் கீழே எழுதுவதைப் பழக்கத்தில் இதிலும் எழுதிவிட்டேன்: "முருகன் அருள் பெற பத்து பேருக்கு அனுப்பவும்." எவள் அனுப்பாமல் இருப்பாள்? சுங்கை பஞ்சாங், புக்கிட் பெருந்துங் என்று பக்கத்து ஊரெல்லாம் சுற்றி, சாயங்காலம் கோயில் குரூப்பில் எனக்கே வந்தது.

முனியாண்டி போன். "ஊரே வேல் அண்ணேங்குது. சந்தோஷமாக்கா?" வைத்துவிட்டான்.

ஜூலை 8
கோயில் தலைவர் போன். "நீங்க எழுதுனதாம்மா? ஊசி போடுங்கன்னு மாசக்கணக்கா கத்துறேன், ஒருத்தரும் கேக்கல. இதப் பாத்துட்டு என் மச்சானே கெளம்பிட்டாரு லா."

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பெருமைதான், எதற்கு மறைக்கணும். தம்பிதான் பேசவில்லை.

ஜூலை 11, ஞாயிறு
நல்ல வெயில். எட்டு மணிக்கு வாசலில் முனியாண்டி. தைப்பூசத்து மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய திருநீறு.

"ஒண்ணும் பேசாத. கூட வா."

மண்டபத்தில் தமிழ் நர்ஸ் பிள்ளை வேட்டியைப் பார்த்தது. "அந்த வேல் அண்ணன் நீங்கதானா?"

"நான்தான். குத்து."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தான். வளையல் ஒன்று நெளிந்தது. இருக்கட்டும்.

வெளியே வந்து, "படம் எடுத்தியாக்கா?"

"எடுத்தேன்."

"அப்ப போடு. பத்து பேருக்குன்னு எழுது."

பத்து பேருக்கு அனுப்பினேன். பிறகு சாமி மேடையில் போனை நிமிர்த்தி வைத்து முருகனுக்கும் காட்டினேன்.