கால் மாறிய கட்டு

1943 ஆவணி, வெள்ளி இரவு. பாலிக் புலாவ்.

அரிசிக்கு வந்த எங்கள் குதிரை வண்டிகள் இன்றிரவு ஜாதிக்காய்த் தோப்பில் தங்கியிருக்கின்றன. ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க, என் குதிரையை நொண்டி என்று காட்டக் காலில் பொய்க்கட்டுப் போட்டிருந்தேன். மாலையில் குளிப்பாட்டிய பிறகு மறதியாக வலது காலில் கட்டிவிட்டேன். ஆயர் ஈத்தாமில் எங்களோடு சேர்ந்துகொண்ட மாணிக்கம் பார்த்துவிட்டான்.

“டீச்சரக்கா, காலையில சாவடியில எடது கால்லதானே கட்டு இருந்துச்சு? நோவுகூட எடம் மாறுமா என்ன?” என்று சிரித்தான்.

நானும் சிரித்து மழுப்பினேன்.

அவன் குதிரை கொழுத்தது, கட்டும் இல்லை. ஆனாலும் சாவடியில் சோதனை போட்ட ஜப்பான் சிப்பாய்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை. ஏன்?

நாளை திரும்பும்போதும் அதே சாவடிதான். கட்டை இடது காலுக்கு மாற்றினால் இவன் சந்தேகம் உறுதியாகும்; மாற்றாவிட்டால் சிப்பாய் கண்டுபிடிப்பான். மாற்றத்தான் வேண்டும். இவன் தூங்கட்டும் என்று காத்திருக்கிறேன். அவன் பீடி நெருப்பு இன்னும் அணையவில்லை.