நாலாம் மிதவையின் பிராணிகள்

நாள் 12. காலை 6.10
காற்று 97. சார்ஜ் 90. குளிர் அறை மைனஸ் 18. வெளியே 68 டிகிரி.

ஏளா சுண்டு, நீ எழுதுகிற குறிப்பை இன்றிலிருந்து நான் எழுதுகிறேன். மிதவையில் ஓர் ஆள் இருக்கிற வரைக்கும் தினம் எழுத வேண்டுமாம். மேலே சுற்றுகிற நிலையத்திலிருந்து ஞானதுரைத் தம்பி சொன்னார். எனக்கு ஐந்தாம் வகுப்பு எழுத்துதான். யார் எடுத்துப் படித்தாலும் பொறுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். வெள்ளிக் கோளின் மேகத்துக்குள் தொங்குகிற இந்த மிதவையில் சமையலும் துடைப்பும் என் வேலை. என் மகள் இசக்கிமதி, நான் சுண்டு என்று கூப்பிடுகிறவள், மெக்கானிக். வெயில் தகடு துடைக்க வெளியே போனவளுக்கு உடுப்பில் தையல் விட்டது. அமில மூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. அவள் போய் இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள், அதிலிருந்துதான் நாள் எண்ணுகிறேன்.

செத்தவர்களைக் கீழே விட்டுவிடுவது இங்கே வழக்கம். கீழே போகப் போக ஈயம் உருகுகிற சூடு. ஒரு துணுக்கும் மிஞ்சாது. நான் விட மாட்டேன் என்றேன். மெக்கானிக் இல்லாத மிதவையில் இருக்கக் கூடாது என்று மற்ற நாலு பேரும் நேற்று ஓடத்தில் ஏறி மேலே போய்விட்டார்கள். ஓடத்தில் குளிர்ப்பெட்டி கிடையாது. சரக்குக் கப்பலில் உண்டு. அது நாற்பதாம் நாள் வரும். அதுவரை நீ குளிர் அறைக்குள்ளே, நான் வெளியே. உன்னை வீட்டுக்குக் கொண்டுபோய் உங்க அப்பா பக்கத்தில் வைக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நாள் 15. பிற்பகல் 2.40
காற்று 88. சார்ஜ் 89. குளிர் அறை மைனஸ் 18.

கருவிப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. இங்கிலீஷும் எண்ணுமாக ஏதோ ஓடியது. ஞானதுரையைக் கூப்பிட்டேன்.

"யக்கா, பிழை எண் என்ன காட்டுது?"

"எண்ணு தெரியாது தம்பி. ஓட்டைப்பல்லன் வந்திருக்கான்."

"யாரு வந்திருக்கா? நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

"வடிகட்டிக்குப் பின்னால குடியிருப்பான். தூசிதான் தீனி. மூச்சு விட்டா பல்லு சந்துல விசில் வரும். வடிகட்டிய மாத்தினா ஓடிருவான்."

அவர் பக்கம் ஏதோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாத்துங்க யக்கா" என்றார். மாற்றினேன். காற்று 96.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே குறிக்கிற இந்த நாலு எண்ணைத் தவிரப் பலகை வாசிக்க எனக்குத் தெரியாது. அதனால் என் மகள் ஒரு புத்தகம் வரைந்து தந்திருக்கிறாள். மிதவையில் என்னென்ன கெட்டுப்போகுமோ அத்தனைக்கும் ஒரு பிராணி. எங்கே இருக்கும், என்ன தின்னும், எப்படிக் கத்தும், எப்படி விரட்டுவது. பக்கத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு பிராணி, கலர் பென்சிலில். ஒன்றும் நிஜம் கிடையாது. எனக்கு அதுதான் புரியும்.

நாள் 21. காலை 11.05
காற்று 95. சார்ஜ் 87. குளிர் அறை மைனஸ் 18.

தண்ணீர் பம்பில் முக்கல்முனகி. நாலு கால், பெரிய இடுப்பு, நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் முக்குகிற மாதிரிப் படம். அதற்கு என் மூஞ்சியைப் போட்டு வைத்திருக்கிறாய், மூக்குத்தி முதற்கொண்டு. இன்றைக்குத்தான் கவனித்தேன். விரட்டும் வழி: "விரட்டாதே. அரை மணி உட்கார விடு. திட்டினால் கோபித்துக்கொள்ளும்."

பம்பை நிறுத்திவிட்டு நானும் பக்கத்திலேயே அரை மணி உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது முக்கினேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று அப்புறம் கஷ்டமாக இருந்தது.

ஞானதுரை புத்தகத்தைக் கேமராவில் காட்டச் சொன்னார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன்.

"யக்கா, நான் ஆறு வருசம் படிச்சத உங்க பொண்ணு ரெண்டு மூணு வரியில எழுதி வச்சிருக்கு."

"ஆறு வருசம் என்னத்தப் படிச்சீரு?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்."

நல்ல தம்பி. நாசரேத்துப் பக்கமாம். சாப்பிட்டீர்களா என்று தினம் கேட்கிறார். சாப்பிட்டேன் என்று தினம் சொல்கிறேன்.

நாள் 27. காலை 9.30
காற்று 94. சார்ஜ் 61. குளிர் அறை மைனஸ் 18.

சார்ஜ் நேற்று 72. எங்கும் சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, விளக்கும் எரியவில்லை. புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். சத்தம் போடாத பிராணி ஒன்றுதான் இருக்கிறது. முப்பத்தோராம் பக்கம், கரண்டுதின்னி. ஆறு வயிறு. வாய் வரையவில்லை. கண் இரண்டும் மூடியிருக்கிறது. விரட்டும் வழியில் முதல் வரி: "விளக்குகளை அணை." பக்கத்தைப் பாதி படித்ததும் மூடிவிட்டேன். மீதி எனக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன்.

விளக்கையெல்லாம் அணைத்தேன். ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் வருகிறது, போதும்.

ஞானதுரை பார்த்துவிட்டுச் சொன்னார், வெயில் தகடு மூன்றில் இரண்டை அமிலம் தின்றுவிட்டதாம். நீ துடைக்கப் போன தகடுகள். பாதி துடைத்திருந்தாய்.

நாள் 29. மாலை 4.15
காற்று 94. சார்ஜ் 42. குளிர் அறை மைனஸ் 18.

இரண்டாவது வரி, "அடுப்பை அணை." அணைத்துவிட்டேன். அவலை நனைத்துத் தின்கிறேன். உப்பு மட்டும் போட்டால் போதும்.

"கப்பல முன்னால வரச் சொல்லக் கூடாதா தம்பி?"

"கேட்டுட்டேன் யக்கா. மூணு தடவ கேட்டுட்டேன். அது சுத்தி வர்ற பாதை அப்படி. ஓடம் ஏற மட்டுந்தான் செய்யும், திரும்பி இறங்காது."

"சரி. வெசனப்படாதீரு."

நான் போய் அவருக்குத் தேறுதல் சொல்கிறேன் பார்.

நாள் 31. காலை 7.00
காற்று 92. சார்ஜ் 21. குளிர் அறை மைனஸ் 17.

ஞானதுரை இன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"யக்கா, இப்பிடியே ஓடினா ரெண்டு நாள்தான். அப்புறம் காத்து மிசின் நின்னுரும்."

"கப்பலுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கே."

"ஆமா."

"வேற எதை அணைக்கலாம்? சொல்லும்."

"நான் சொல்ல மாட்டேன் யக்கா. என் வாயால சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்த முழுசா படிங்க."

அன்றைக்குக் கேமராவில் காட்டும்போதே அவர் படித்துவிட்டார். நான்தான் மூடி வைத்தேன்.

நாள் 31. காலை 7.40

முப்பத்தோராம் பக்கம், மூன்றாவது வரி. உன் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

"அப்பவும் போகலைன்னா குளிர் அறையை அணை. உள்ளே இருக்கிறது கெட்டா கெடட்டும். மீனும் காயும் அடுத்த கப்பல்ல வரும். மூச்சு வராது. யோசிக்காதே அம்மா."

யோசிக்காதே அம்மா. சிவப்புப் பென்சில்ல ரெண்டு கோடு வேற அடியில.

நாள் 31. மாலை 5.20
காற்று 90. சார்ஜ் 17.

மூணு தடவ அணைச்சேன். மூணு தடவயும் திரும்பப் போட்டுட்டேன். அணைச்சா அந்த ர்ர்ர்ங்கிற சத்தம் நிக்குது. அந்தச் சத்தத்தத்தான் இத்தன நாளும் நீன்னு நெனச்சிட்டு இருந்தேன் போல.

ஞானதுரை கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். "யக்கா, சத்தம் குடுங்க. யக்கா." குடுக்கல.

இத எடுக்கிறவங்களுக்கு. ரெண்டு பேரும் பொணமா இருந்தா அவள மொதல்ல ஏத்துங்க. எப்பிடி இருந்தாலும் ஏத்துங்க. மூஞ்சியச் சுளிக்காதீங்க.

நாள் 32. காலை 6.10
காற்று 89. சார்ஜ் 15.

நாலாவது தடவ அணைச்சிருக்கேன். குளிர் அறை மைனஸ் 9. கதவுல முதுகச் சாச்சு உக்காந்திருக்கேன். முதுகு சில்லுன்னு இருக்கு, இன்னும். கை சுவிட்சு மேலதான் இருக்கு.

மைனஸ் 8.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒங்கிட்ட சொல்லிட்டேன். நீ யோசிக்காதேன்னு எழுதிட்டே. யோசிக்காம எப்பிடி, எனக்கு அத ஒரு பக்கத்துல வரையலயே.

மைனஸ் 7.

மீனும் காயும்னு நெனச்சுத்தான எழுதின. ஏளா சுண்டு, உள்ள இருக்கப்போறது நீதான்னு தெரிஞ்சிருந்தாலும் அந்த ரெண்டு கோட்டப் போட்டிருப்பியா?