ஈரச் சோளமும் நாமக்கல்காரரும்

என் மாமாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை வேறு மாதிரி கூப்பிட்டுப் பழக்கமில்லை. படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு முதல் மக்காச்சோளம் வீட்டுக்கு வந்தது. கூடவே உங்கள் தம்பியும் வந்தார். "இன்னா அண்ணி, தரகர்கிட்ட துண்டுக்குள்ள கைய வுட்டு வெல பேசுவீங்களா? பேசாம நெலத்த எனுக்குக் குத்தகைக்கு வுட்டுடுங்க" என்றார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது ஆம்பிளைகள் வேலையாயிற்றே. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

அப்புறம்தான் கேள்விப்பட்டேன், கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில் இப்போது கம்ப்யூட்டரில் ஏலமாம். நாமக்கல்லில் கோழித் தீவனத்துக்கு வாங்குகிற வெளியூர் வியாபாரிகூட இருந்த இடத்திலிருந்தே விலை போடலாமாம். முகம் பார்க்காமல் சோளம் வாங்குகிற மனுஷன் யார்? எதை நம்பி வாங்குவான்? அதைப் பார்க்கவே மூட்டைகளோடு டிராக்டர் ஏறினேன்.

ஈரம் காட்டும் மிஷினைத்தான் நம்புகிறார்கள். நானோ நீங்கள் செய்கிறபடியே, எடை நிற்கட்டும் என்று அரைகுறையாகக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பெண், "ஈரம் ஜாஸ்தியா கீதும்மா. நாமக்கல்காரரு வந்து கடிச்சா பாக்கப் போறாரு? நம்பரத்தான் பாப்பாரு" என்றாள். நம்மூர்த் தரகர் மட்டும் அடிமாட்டு விலை போட்டார். சம்மதமில்லை என்று சொல்லலாமாம். சொன்னேன், மூட்டைகளை மறுபடி டிராக்டரில் ஏற்றினேன்.

திரும்பி வந்து ரோட்டோரம் மூன்று நாள் வெயிலில் கொட்டிக் கிளறினேன். மறுபடி போனபோது நாமக்கல்காரர் போட்டார், இன்னும் இரண்டு பேர் போட்டார்கள், தரகரும் விடாமல் ஏற்றினார். இந்த விலையை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் மனுஷன்?

ஆனாலும் உங்களுக்கு நெஞ்சு வலித்த அன்று வண்டி எடுத்துவந்தது அதே தரகர்தானே. நாமக்கல்காரர் வருவாரா? அங்கே கோழிக்குச் சீக்கு வந்தால் நம் சோளம் என்னாகும்? நாடு வளர்கிறது என்று டிவியில் சொல்கிறார்கள். அது நம் ஏரிக்கரை வரை வருமா? யாரைக் கேட்பது மாமா?

உங்கள் தம்பியிடம் குத்தகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வரும் போகம் நானே விதைப்பேன், நன்றாகக் காயவைத்தே கொண்டுபோவேன், இது சத்தியம். ஈரம் உங்கள் தப்புதான், கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

கமிட்டிச் சீட்டில் எழுத விவசாயி பெயர் கேட்டார்கள். பழக்கத்தில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "விக்கிறது யாரும்மா?" என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி,
விவசாயி அஞ்சலை