எண்ணெய் துடைத்த ரோஜாக்கள்

பூனாகலை
02.01.2024

அன்பு றுஸைனாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அன்று அரை நாள் உட்கார்ந்து நீ காட்டித் தந்த பட்டு ரிப்பன் ரோஜாவைத் தலையணை உறையில் தைத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்பது ரோஜா. பார்க்கப் பார்க்க எனக்கே குமட்டுகிறது. இரத்தம் குடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கும் அட்டைகள் மாதிரி இருக்கின்றன.

இருபத்தெட்டாம் தேதி தங்கை கலாராணிக்குக் கல்யாணம். ஜாக்கெட் கையில் இதையே தைத்துத் தரச் சொல்கிறாள். தைக்கலாமா, வேண்டாமா? தையல் வகுப்பு நடத்துகிறவள் நீ. மூடி மறைக்காமல் எழுது.

உன்
நிரஞ்சலா

பதுளை
09.01.2024

என் நிரஞ்சிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். உன்னை நீயே மட்டம் தட்டிக்கொள்ளும் பள்ளிக்கூடப் பழக்கம் இன்னும் போகவில்லையா? முதல் தையலுக்கு இது மிக அழகு. எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறேன். தாராளமாகத் தை. ரோஸ் நிற ரிப்பன் இத்துடன் வருகிறது. மணமகளுக்கு என் வாழ்த்து. கல்யாணத்துக்கு வர முடியாது, கோபிக்காதே.

உன் பிரியமுள்ள
றுஸைனா

பூனாகலை
02.02.2024

றுஸைனா,

போனில் உன் குரலைக் கேட்டால் என் கோபம் இறங்கிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அத்தை, நான் ரோஜா தைத்த கலாராணியின் ஜாக்கெட் கையைத் திருப்பிப் பார்த்து, "என்னாம்மா இது, கொப்பளமா?" என்று கேட்டார். அதன் பிறகு அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டே இருந்தாள். எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். புதன்கிழமை உன் தையல் வளையத்தைத் திருப்பித் தர வந்தேன். நீ இல்லை. உன் மகள் ஜிப்னா தேத்தண்ணி தந்தாள். தையல் மெசினுக்குக் கீழே என் தலையணை உறை கிடந்தது. மெசினைத் துடைத்துத் துடைத்து ஒன்பது ரோஜாவிலும் எண்ணெய்.

சீ என்று ஆகிவிட்டது. என் தையல் அசிங்கம் என்று எனக்கு முன்பே தெரியும். உன் கடிதம் அதைவிட அசிங்கம்.

நிரஞ்சலா

பதுளை
08.02.2024

நிரஞ்சி,

என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன்னிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் பொய் எழுதினேன்.

இப்போது சொல்கிறேன். உன் தலையணை உறையைப் பார்த்ததும் முகம் சுளித்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுவீர்களே முரட்டுப் படங்குத் துணி, அதைத் தைப்பது போல ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கியிருக்கிறாய். படங்குக்கு அது சரி. ரிப்பனைத் தளர விட்டால்தான் இதழ் விரியும். வேலை முடிந்த கையோடு தைத்திருக்கிறாய், பட்டில் கொழுந்துக் கறை. பின்பக்கம் முடிச்சுக்கு மேல் முடிச்சு, பார்க்கவே சகிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

றுஸைனா

பூனாகலை
13.02.2024

றுஸைனாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மறுவீட்டுக்கு வந்திருந்த கலாராணிக்கும் படித்துக் காட்டினேன். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நா கைய மூடிக்கிட்டு நின்னுருக்க மாட்டேன்" என்றாள். அவளுக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அந்த உறையைத் துவைத்து வைக்காதே, எண்ணெயோடே இருக்கட்டும். ஒன்பதையும் உன் முன்னால் உட்கார்ந்து நானே பிரிக்கிறேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பத்தாவதைத் தைக்கிறேன். அதுவும் அசிங்கமாக இருந்தால், என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நிரஞ்சலா